காணொளிப் பாடம் தயாரிக்கும் ஆசிரியர்கள் திரைப்பதிவுக் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கணினித் திரையில் நிகழ்வதை அப்படியே பதிவுசெய்து, தமது குரல் விளக்கத்தையும் சேர்த்து மாணவர்களுக்கு அனுப்பும் வழக்கம் கொரோனா காலத்தில் நாடெங்கும் பரவியது. 2020 மார்ச்சில் கல்வி நிலையங்கள் மூடப்பட்டபோது அவசரத் தேவையாகத் தொடங்கிய இந்த முறை, வகுப்பறைகள் திறக்கப்பட்ட பின்னரும் நின்றுவிடவில்லை. வகுப்புக்கு வர இயலாத மாணவர் பின்னர் பார்த்துக்கொள்ளவும், புரியாத பகுதியைத் தேர்வுக்கு முன் மீண்டும் கேட்கவும் இத்தகைய காணொளிகள் இன்றும் பயன்படுகின்றன.

இவற்றைத் தயாரிக்க முற்படும் ஆசிரியர்கள் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி, "எந்த மென்பொருளை வாங்குவது?" என்பதே. உண்மையில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மாணவர் எந்தத் திரையில் பார்க்கிறார், எவ்வளவு டேட்டா செலவிட முடியும், பாடம் எவ்வகையைச் சார்ந்தது ஆகியவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால், தேவையான கருவி பெரும்பாலும் ஆசிரியரின் கணினியிலோ கைப்பேசியிலோ ஏற்கெனவே இருப்பது தெரியவரும்.

மாணவரின் திரையே அளவுகோல்

ஆசிரியர் மடிக்கணினியில் பதிவுசெய்கிறார். மாணவர்களில் பலர் கைப்பேசியில் பார்க்கின்றனர். இந்த வேறுபாடுதான் பல காணொளிகளைப் பயனற்றதாக்குகிறது.

15.6 அங்குல மடிக்கணினித் திரையின் அகலம் சுமார் 34 சென்டிமீட்டர். அதே காட்சி, 6.5 அங்குலக் கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்துப் பார்க்கும்போது ஏறத்தாழ 12 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. செங்குத்தாகப் பிடித்தால் 7 சென்டிமீட்டர்தான். அதாவது, ஆசிரியரின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் எழுத்து, மாணவரின் கையில் மூன்றில் ஒரு பங்காகவோ ஐந்தில் ஒரு பங்காகவோ குறைந்துவிடுகிறது. கணக்கியல் பாடத்தில் அட்டவணையின் எண்களும், நிரலாக்கப் பாடத்தில் அரைப்புள்ளியும் மறைந்துபோவது இதனால்தான்.

இதற்குத் தீர்வு விலை உயர்ந்த மென்பொருள் அல்ல. உலாவியின் காட்சியை 150 முதல் 200 சதவீதம் வரை பெரிதாக்குவது, திரையின் தெளிவுத்திறனை 1280×720 பிக்சலுக்குக் குறைப்பது, முழுத் திரைக்குப் பதிலாகத் தேவையான பகுதியை மட்டும் பதிவுசெய்வது ஆகிய மூன்றும் செலவில்லாத வழிகள். எனவே, ஒரு கருவியில் முதலில் கவனிக்க வேண்டியது, திரையின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதிவுசெய்ய அது அனுமதிக்கிறதா என்பதே.

டேட்டா கணக்கு

கோப்பின் அளவை நிர்ணயிப்பது பிட்ரேட் எனப்படும், ஒரு விநாடிக்குப் பதிவாகும் தரவின் அளவு. விநாடிக்கு 2,500 கிலோபிட் வீதம் பதிவான 10 நிமிடக் காணொளி ஏறத்தாழ 188 எம்பி இருக்கும். ஒரு நாளில் இத்தகைய ஐந்து பாடங்களைப் பார்க்கும் மாணவர் 900 எம்பிக்கும் மேல் செலவிட நேரிடும். நாளொன்றுக்கு 1 ஜிபி கிடைக்கும் திட்டத்தில், அந்தக் கைப்பேசியை வீட்டில் மற்றவர்களும் பயன்படுத்தினால், நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே பாடத்தை ஒலியும் காட்சியும் சேர்த்து விநாடிக்கு 660 கிலோபிட் அளவில் பதிவுசெய்தால் கோப்பு 50 எம்பிக்குள் அடங்கிவிடும். திரைப்படத்தைப் போலன்றி, பாடக் காணொளியில் காட்சி அடிக்கடி மாறுவதில்லை. ஆகவே விநாடிக்கு 60 சட்டகங்கள் தேவையில்லை; பெரும்பாலான பாடங்களுக்கு 10 முதல் 15 வரை போதுமானது. பிட்ரேட்டையும் சட்டக எண்ணிக்கையையும் மாற்றிக்கொள்ளும் வசதி கருவியில் உள்ளதா என்பது இரண்டாவது கேள்வி.

எந்தப் பாடத்துக்கு எந்தக் கருவி?

ஒரு மென்பொருளை இயக்கிக் காட்டும் பாடமெனில், இயங்குதளத்துடன் வரும் எளிய பதிவு வசதியே போதும். விண்டோஸ் 11-இல் உள்ள ஸ்னிப்பிங் டூல், திரையில் தேர்ந்தெடுத்த பகுதியைக் காணொளியாகப் பதிவுசெய்கிறது. விண்டோஸ் 10-இல் உள்ள எக்ஸ்பாக்ஸ் கேம் பார் வசதியையும் பயன்படுத்தலாம். ஆனால் அது ஒரு செயலியின் சாளரத்தை மட்டுமே பதிவுசெய்யும். முகப்புத் திரையையோ கோப்புறைகளையோ பதிவுசெய்யாது. பாதிப் பாடத்துக்குப் பிறகு இதை அறிந்துகொள்ளும் ஆசிரியர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மேக் கணினிகளில் 2018-ஆம் ஆண்டு வெளியான மொஹாவி பதிப்பிலிருந்து ஷிஃப்ட், கமாண்ட், 5 ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால் பதிவு வசதி திறக்கும்.

கட்டற்ற மென்பொருள் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உபுண்டு 22.04 பதிப்பில் உள்ளமைந்த திரைப்பதிவு வசதி காட்சியை மட்டுமே பதிவுசெய்கிறது; ஒலியைப் பதிவுசெய்வதில்லை. அத்தகைய கணினிகளில் தனி மென்பொருளை நிறுவிக்கொள்வது அவசியம்.

படவில்லைகளைக் கொண்டு விளக்கும் பாடமெனில், பவர்பாயிண்டின் பதிவு வசதியே உகந்தது. அதில் குரல் ஒவ்வொரு படவில்லைக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. ஏழாவது படவில்லையில் பிழை நேர்ந்தால் அதை மட்டும் மீண்டும் பேசினால் போதும். பின்னர் முழுவதையும் எம்பி4 காணொளியாக மாற்றிக்கொள்ளலாம்.

கணிதம், வேதியியல் போன்ற, எழுதிக் காட்ட வேண்டிய பாடங்களுக்குத் தொடுதிரையில் எழுதுவதே இயல்பானது. 2020-இல் வெளியான ஆண்ட்ராய்டு 11-இலும், 2017-இல் வெளியான ஐஓஎஸ் 11-இலும் திரைப்பதிவு வசதி உள்ளமைந்தே வருகிறது. ஆண்ட்ராய்டில் விரல் தொடும் இடத்தைத் திரையில் காட்டும் தெரிவும் உண்டு. ஐபோன், ஐபேட் சாதனங்களில் பதிவுப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து ஒலிவாங்கியை இயக்க வேண்டும். மறந்தால் குரலற்ற காணொளியே மிஞ்சும்.

ஆசிரியரின் முகம், திரை, மேசை மீதுள்ள தாள் என ஒன்றுக்கு மேற்பட்ட காட்சிகள் ஒருங்கே தேவைப்படும்போதுதான் ஓபிஎஸ் ஸ்டுடியோ போன்ற விரிவான மென்பொருளின் தேவை எழுகிறது. கட்டற்ற மென்பொருளான இது விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. கட்டணமோ, நேர வரம்போ, காணொளி மீது பதியும் வாட்டர்மார்க்கோ இதில் கிடையாது. எனினும், இதைப் பழகச் சில நாட்கள் ஆகும். பதிவைத் திருத்தும் வசதியும் இதில் இல்லை. திருத்துவதற்கு ஷாட்கட், ஓபன்ஷாட், கேடென்லைவ் போன்ற இலவச மென்பொருள்களை நாடலாம். ஓபிஎஸ் மென்பொருளில் எம்கேவி வடிவில் பதிவுசெய்து, முடிந்தபின் எம்பி4 வடிவுக்கு மாற்றுவது பாதுகாப்பானது. பதிவின் நடுவே மின்சாரம் தடைப்பட்டாலும் அதுவரையிலான பகுதி எம்கேவி கோப்பில் தங்கிவிடும். வழக்கமான எம்பி4 கோப்பாக இருந்தால் முழுவதும் திறக்க இயலாமல் போகலாம்.

'இலவசம்' என்பதன் நிபந்தனைகள்

இணையத்தில் இலவசம் என விளம்பரப்படுத்தப்படும் கருவிகளில் பல, பதிவு முடிந்த பின்னரே தமது நிபந்தனைகளைக் காட்டுகின்றன. சில காணொளியின் மீது நிறுவனத்தின் பெயரைப் பொறிக்கின்றன. சில குறிப்பிட்ட நிமிடங்களுக்குமேல் பதிவுசெய்ய மறுக்கின்றன. வேறு சில, கோப்பை ஆசிரியரின் கணினியில் சேமிக்காமல் தமது இணையக் கிடங்கில் வைத்துக்கொள்கின்றன. சந்தா முடிந்தாலோ, நிறுவனம் விதிமுறையை மாற்றினாலோ, ஓராண்டு உழைப்பு கைவிட்டுப் போகக்கூடும். பதிவுசெய்த கோப்பு தமது கணினியிலேயே, எங்கும் இயங்கும் வடிவில் கிடைக்கிறதா என்பதை முதல் நாளிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

குரலே முதன்மை

படம் சற்று மங்கினாலும் மாணவர் பொறுத்துக்கொள்வார். குரல் புரியாவிட்டால் காணொளியை மூடிவிடுவார். மடிக்கணினியில் உள்ளமைந்த ஒலிவாங்கி, மின்விசிறி இரைச்சலையும் விசைப்பலகை ஓசையையும் சேர்த்தே பதிவுசெய்யும். கைப்பேசியுடன் பயன்படுத்தும் சாதாரணக் கம்பி இயர்போனின் ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் வைத்துப் பேசினாலே பெரும் வேறுபாடு தெரியும். மின்விசிறியை நிறுத்தி, திரைச்சீலை, மெத்தை போன்றவை உள்ள அறையில் பதிவுசெய்தால் எதிரொலி குறையும். மென்பொருளுக்குச் செலவிட நினைக்கும் தொகையை ஒரு நல்ல ஒலிவாங்கிக்குச் செலவிடுவது மேல்.

மும்பை ஐஐடி காட்டும் வழி

கருவியைவிட முன்தயாரிப்பே முக்கியம் என்பதற்கு மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டியூட்டோரியல்' திட்டம் சான்றாக விளங்குகிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் நிதியுதவியுடன் உருவான இத்திட்டத்தில், கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கும் திரைப்பதிவுகள் சுமார் 10 நிமிட அளவில் தயாரிக்கப்பட்டு, தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் குரல் மாற்றம் செய்யப்படுகின்றன.

இங்கு எவரும் நேரடியாகப் பதிவுசெய்யத் தொடங்குவதில்லை. முதலில் இரண்டு பத்திகள் கொண்ட எழுத்துப்படி உருவாகிறது. இடப்பக்கம் திரையில் காட்டவேண்டியது, வலப்பக்கம் பேசவேண்டியது. அந்த மென்பொருளை முன்பின் அறியாத ஒருவர் அதைப் படித்துச் செய்துபார்த்த பின்னரே பதிவுக்குச் செல்கிறது. குரலும் காட்சியும் தனித்தனியே திட்டமிடப்படுவதால், ஒரே காட்சிக்கு வெவ்வேறு மொழிகளில் குரல் சேர்க்க முடிகிறது. தாளும் பேனாவும் இருந்தால் எந்த ஆசிரியரும் பின்பற்றக்கூடிய முறை இது.

நீளத்தைப் பொறுத்தவரை, எட்எக்ஸ் இணையவழிக் கல்வித் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, 6 நிமிடத்துக்குள் அடங்கும் காணொளிகளிலேயே மாணவர்களின் ஈடுபாடு அதிகம் எனக் கண்டறிந்தது. 40 நிமிட வகுப்பை ஒரே கோப்பாக்காமல், ஒரு கருத்துக்கு ஒரு காணொளி எனப் பிரிப்பது கற்றலுக்கும் டேட்டா சிக்கனத்துக்கும் உதவும்.

திரையில் தெரியக்கூடாதவை

பதிவின்போது திரையில் தோன்றும் வங்கிக் குறுஞ்செய்தி, ஒருமுறைக் கடவுச்சொல், மாணவர்களின் பெயர் மற்றும் மதிப்பெண் பட்டியல் ஆகியவையும் காணொளியில் பதிந்துவிடும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறைவடையாதோரைக் குழந்தைகளாகக் கருதி, அவர்களின் தரவைக் கையாளப் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. எனவே பதிவுக்கு முன் அறிவிப்புகளை அணைத்துவிட்டு, பாடத்துக்கெனத் தனிப் பயனர் கணக்கைப் பயன்படுத்துவது நல்லது.

செவித்திறன் குறைந்த மாணவர்களையும் மறந்துவிடலாகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, மின்னணு ஊடகங்களில் வசன வரிகள், சைகை மொழி விளக்கம் ஆகியவற்றுக்கு வகைசெய்கிறது. எழுத்துப்படி முன்பே தயாராக இருந்தால், வசன வரிகளைச் சேர்ப்பது எளிது.

இரண்டு நிமிடச் சோதனை

எந்தக் கருவியையும் இறுதிசெய்வதற்கு முன் இரண்டு நிமிடப் பாடம் ஒன்றைப் பதிவுசெய்து, மாணவர்களுக்கு எவ்வழியில் அனுப்பப்படுமோ அவ்வழியிலேயே அனுப்பிப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பும்போது அது சுருக்கப்படுவதால் சிறு எழுத்துகள் கலங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் மூலத் தெளிவு மாறாது. கிடைத்த கோப்பைக் குறைந்த விலைக் கைப்பேசி ஒன்றில், இயர்போன் இல்லாமல் ஒரு மாணவரைப் பார்க்கச் சொல்லி, திரையிலுள்ள மிகச் சிறிய எழுத்தை வாசிக்கச் சொல்லலாம். அவர் தடங்கலின்றி வாசித்துவிட்டால், குரலும் தெளிவாகக் கேட்டால், அந்தக் கருவி போதுமானது. வாசிக்க இயலாவிட்டால், மென்பொருளை மாற்றுவதற்கு முன் எழுத்தைப் பெரிதாக்கி மீண்டும் ஒருமுறை பதிவுசெய்து பார்க்க வேண்டும்.