வழுவழுப்பைத் தின்னும் கண்காணா அட்டை

பீலித் தண்ணீர் விழும் கல்லில் கால் வைத்து ஒரு முறையாவது சறுக்கி விழாத பெண் எங்கள் யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்க மாட்டாள். பாசி என்று சொல்லித் தேங்காய்ப் பொச்சால் தேய்த்து விடுவோம். ஆனால் அந்த வழுவழுப்பில் இருப்பது பாசி மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் கோடிக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டி, தாமே சுரக்கும் பசையைக் கூரையாகப் போட்டுக்கொண்டு அதற்குள் குடியிருக்கின்றன. இதற்கு உயிர்ப்படலம் என்று பெயர். தண்ணீர்த் தாங்கியில், குடத்தின் அடியில், காலையில் விளக்காத பல்லில்கூட இது உண்டு.

இதைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியது என் சித்தி மகளுக்காக. 1977 கலவரத்துக்குப் பிறகு இங்கிருந்து கிளிநொச்சிக்குப் போன குடும்பம் அது. 2009 இல் ஷெல் துண்டு பட்டு அவளுக்கு முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். சலம் போவதற்கு எப்போதும் குழாய் போட்டிருக்கும். குளிர்காய்ச்சல் வரும், மருந்து கொடுப்பார்கள், அடங்கும், இரண்டு மாதத்தில் மறுபடியும் வரும். "மருந்து குடிச்சும் ஏன்க்கா திரும்பத் திரும்ப வருது?" என்று கேட்டாள். இதை வாசிக்கும் சகோதரிகள் சிலருக்கும் அதே கேள்வி இருக்கும்.

பீலிக் கல்லில் இருக்கும் அதே வழுவழுப்பு குழாய்க்குள்ளும் படிகிறது. (இந்தக் குழாய்கள் பலவும் ரப்பர் பாலில் செய்யப்படுபவை. விடியற்காலையில் நாங்கள் சிரட்டையில் சேர்க்கும் பால் எங்கே போய் என்னவாகிறது என்று அன்றுதான் யோசித்தேன்.) ஈ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குழாயின் சுவரில் படலம் கட்டிவிட்டால், தனியே மிதக்கும் கிருமியைக் கொல்லும் மருந்து அங்கே போதாது. ஆயிரம் மடங்கு வரை தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள். பசை ஒரு தடை. அதைவிட, உள்ளே இருப்பவற்றில் பல வளராமல் தூங்குகின்றன. வளரும் கிருமியைத்தான் பல மருந்துகள் கொல்லும். ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் இதே கதைதான்.

இந்தப் படலத்துக்குள் புகுந்து வேட்டையாடும் ஒரு பற்றீரியா இருக்கிறது. 1962 இல் ஜெர்மன் ஆய்வாளர் ஹைன்ஸ் ஸ்டொல்ப் மண்ணில் வைரஸ்களைத் தேடப்போய் இதைக் கண்டார். பெயர் டெலோவிப்ரியோ. கிரேக்க மொழியில் 'டெல்லா' என்றால் அட்டை. மழைக்கு மலைக்குப் போகும் நமக்கு அட்டையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் நம் அட்டை இரத்தம் குடித்துவிட்டு விழுந்துவிடும். இது அப்படியில்லை. ஒரு செக்கனில் தன் நீளத்தைப்போல் ஏறக்குறைய நூறு மடங்கு தூரம் நீந்தி வந்து, கிருமியில் ஒட்டி, வெளிச்சுவரில் துளைபோட்டு நுழைந்து, வந்த வழியை அடைத்துக்கொள்கிறது. உள்ளே இருந்தபடியே தின்று நீளமாக வளர்ந்து, பல குட்டிகளாகத் துண்டாகி, மூன்று நான்கு மணி நேரத்தில் ஓட்டை வெடித்து வெளியேறுகிறது. மருந்துக்கு அடங்காத கிருமியென்றாலும் இதற்குச் சாப்பாடுதான்.

2005 இல் அமெரிக்காவில் டானியல் கதூரியும் ஜோர்ஜ் ஓடூலும் ஈ.கோலை கட்டிய படலத்தில் இதை விட்டுப் பார்த்தார்கள். ஒரே நாளில் படலம் பெருமளவு குறைந்தது. ஆனால் முழுதும் அழியவில்லை, கொஞ்சம் மிஞ்சியது. 2016 இல் இங்கிலாந்தில், மருந்துக்கு அடங்காத வயிற்றுளைச்சல் கிருமியான ஷிகெல்லாவை வரிக்குதிரை மீன் குஞ்சுகளுக்கு ஏற்றினார்கள். சும்மா விட்டவற்றில் 25 வீதம் பிழைத்தன. டெலோவிப்ரியோ ஏற்றியவற்றில் 60 வீதம் பிழைத்தன.

மனிதருக்குக் கொடுக்கும் மருந்தாக இது இன்னும் வரவில்லை. புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் போன்ற தடித்த சுவர்க் கிருமிகளை இது வழக்கமாகத் தொடுவதுமில்லை. மண்ணிலும் ஆற்றிலும் கழிவுநீரிலும் வாழ்வது என்பதால், ஆற்றுத் தண்ணீரில் புண்ணைக் கழுவலாமா என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். அந்த நீரில் வேட்டைக்காரனைவிட நோய்க்கிருமிதான் நிறைய இருக்கும்.

அதுவரை நம் கையில் இருப்பவை சின்ன வேலைகள்தான். குழாயைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பையை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கவிடுங்கள், ஆனால் தரையில் வைக்காதீர்கள். குழாய் மடிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். உணர்வில்லாதவர்களுக்கு அது தெரியாது. தாதி சொன்ன திகதியில் குழாயை மாற்றுங்கள். மிச்சம் வைத்த பழைய மாத்திரையை நீங்களாகவே எடுத்துக் குடிக்காதீர்கள். குளிரும் காய்ச்சலும் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், மருந்தோடு குழாயையும் மாற்ற வேண்டுமா என்று டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்த குழாய் என்றால் அதை மாற்றும்படிதான் மருத்துவ வழிகாட்டல்கள் சொல்கின்றன.