ஒரு கணினி, பல மேசைகள்

மாணவர்களே, இந்தக் காட்சி உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். இரவு எட்டு மணி. வீட்டில் இருப்பதோ ஒரே கணினி. அக்கா எஸ்.பி.எம். வரலாற்று இடுபணியில் மூழ்கியிருக்கிறார். கட்டுரை பாதியில் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு இணையப் பக்கங்கள் திறந்து கிடக்கின்றன. உங்களுக்கோ கணிதப் பயிற்சியை இன்றிரவே ஆசிரியருக்கு அனுப்பியாக வேண்டும்.

"அக்கா, பத்தே நிமிஷம் குடுங்க!"

"எல்லாத்தையும் மூடிட்டு மறுபடியும் திறக்கணுமே. முடியாது, போ!"

அந்தக் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் இருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. அக்கா எதையும் மூடாமல் எழுந்து இடம் விடலாம். நீங்கள் உங்கள் பெயரில் நுழைந்து வேலையை முடிக்கலாம். அவர் திரும்பி வரும்போது, விட்ட வரியிலேயே கர்சர் மின்னிக்கொண்டிருக்கும். விண்டோஸ், மேக் கணினிகளிலும் இந்த வசதி உண்டு. ஆனால், இது உள்ளே எப்படி நடக்கிறது என்பதை லினக்ஸில் நாமே எட்டிப் பார்க்க முடியும்.

மேசை பல, நாற்காலி ஒன்று

நீங்கள் கடவுச்சொல் கொடுத்து நுழைவது முதல் வெளியேறுவது வரை உள்ள காலம் ஓர் 'அமர்வு'. ஓர் அறையில் மேசைகள் பல, நாற்காலி ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மேசையும் ஓர் அமர்வு. திரை, விசைப்பலகை, சுட்டெலி மூன்றும் சேர்ந்ததே நாற்காலி. லினக்ஸ் நிரலாளர்களும் இந்தத் தொகுப்பை 'இருக்கை' என்ற பொருள்படும் சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

'வெளியேறு' என்பதை அழுத்தினால், மேசையைத் துடைத்துவிட்டுப் போகிறோம். 'பயனரை மாற்று' என்பதை அழுத்தினால், மேசையை அப்படியே விட்டுவிட்டு நாற்காலியை மட்டும் அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். வேறுபாடு இவ்வளவுதான்.

பழைய பழக்கம்

ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்வது புதிய யோசனை அல்ல. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ், 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகத் தொடங்கியது. அக்காலத்தில் கணினியின் விலை மிக அதிகம். ஆளுக்கொன்று வாங்க முடியாது. ஆகவே, ஒரே கணினியோடு பல தொலைத்தட்டச்சுப் பொறிகளை இணைத்தார்கள். ஒவ்வொரு பொறியிலும் ஒருவர் அமர்ந்து வேலை செய்தார்.

1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியபோது, யூனிக்ஸின் வழியையே பின்பற்றினார். தொலைத்தட்டச்சுப் பொறிகள் மறைந்துவிட்டன. ஆனால் அவற்றைக் குறித்த 'டிடிஒய்' என்ற சுருக்கப்பெயர் இன்றும் லினக்ஸில் வாழ்கிறது. இப்போது அது குறிப்பது உண்மையான பொறியை அல்ல. மென்பொருளால் ஆன 'மெய்நிகர் முனையத்தை'. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், இப்படி 63 முனையங்கள் வரை வைத்துக்கொள்ளும். அக்காவின் மேசை ஒரு முனையத்தில் இருந்தால், உங்கள் மேசை இன்னொன்றில் இருக்கும்.

இதை நேரில் பார்க்க, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்க்க வேண்டும். திரை கறுப்பாகி, எழுத்துகள் மட்டும் தெரியும். பயப்படாதீர்கள், எதுவும் கெட்டுப்போகவில்லை. நீங்கள் மூன்றாம் முனையத்துக்கு வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். திரும்பிப் போக, எஃப்3-க்குப் பதிலாக எஃப்1, எஃப்2 அல்லது எஃப்7-ஐ அழுத்திப் பாருங்கள். உங்கள் மேசை எந்த எண்ணில் இருக்கிறது என்பது, நீங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் வகையைப் பொறுத்தது.

நாற்காலி கைமாறும் நொடியில்

அக்காவின் அமர்வு பின்னால் போய்விட்டாலும் அவருடைய நிரல்கள் நிற்பதில்லை. பதிவிறக்கம் தொடரும். அப்படியானால் ஒரு கேள்வி எழ வேண்டும்: நீங்கள் தட்டும் கடவுச்சொல்லை, பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய நிரல் ஒட்டுக்கேட்க முடியுமா?

முடியாது. இன்றைய பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் 'லாகின்டி' என்ற காவலாளி நிரல் ஒன்று இருக்கிறது. நாற்காலி கைமாறும்போது, பழைய அமர்விடமிருந்து விசைப்பலகையைக் கேட்கும் உரிமையையும் திரையில் வரையும் உரிமையையும் அது திரும்பப் பெறுகிறது. பிறகு அவற்றைப் புதிய அமர்விடம் கொடுக்கிறது. ஒலிபெருக்கிக்கும் பொதுவாக இதே விதிதான். அக்கா கேட்டுக்கொண்டிருந்த பாட்டு சட்டென்று அடங்கிப்போவது அதனால்தான்.

கோப்புகளுக்கும் காவல் உண்டு. கெர்னலுக்கு உங்கள் பெயர் முக்கியமல்ல, எண்தான் முக்கியம். உபுண்டு போன்றவற்றில் முதல் பயனரின் எண் 1000, அடுத்தவர் 1001. ஒவ்வொரு கோப்பிலும் அதன் உரிமையாளரின் எண் பதிந்திருக்கும். 1000-க்கு உரியதை 1001 திறக்க முயன்றால், அனுமதி இருக்கிறதா என்று கெர்னல் முதலில் பார்க்கும். உபுண்டுவின் பழைய பதிப்புகளில் ஒருவரின் இல்லக் கோப்புறைக்குள் மற்றவர் எட்டிப் பார்க்க முடிந்தது. 2021-இல் வந்த 21.04 பதிப்பிலிருந்து, புதிய கணக்குகளுக்கு அந்தக் கதவு சாத்தப்பட்டது. ஆனால், நிர்வாகி உரிமை உள்ளவருக்கு எல்லாக் கதவுகளும் திறக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

எங்கே தவறு நேரும்?

முதலாவது, பூட்டு. பட்டியலில் உள்ள 'பயனரை மாற்று' வழியாகப் போனால், உங்கள் மேசை பொதுவாகப் பூட்டப்பட்டுவிடும். ஆனால், மேலே சொன்ன மூன்று விசைகளை அழுத்தி வேறு முனையத்துக்குப் போனால், மேசை தானாகப் பூட்டிக்கொள்வதில்லை. அடுத்து வருபவர் அதே விசைகளை அழுத்தி உங்கள் மேசைக்கு வந்துவிடலாம், கடவுச்சொல் இல்லாமலேயே! எனவே பூட்டிவிட்டுத்தான் எழ வேண்டும்.

இரண்டாவது, நினைவகம். மேசைகள் பலவானாலும் அறை ஒன்றுதான். இரண்டு அமர்வுகளும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 4 ஜிகாபைட் நினைவகம் மட்டுமே உள்ள பழைய கணினியில், இருவரும் நிறைய இணையப் பக்கங்களைத் திறந்து வைத்தால் எல்லாம் தவழத் தொடங்கும். இடம் முற்றிலும் தீர்ந்துவிட்டால், கணினியைக் காப்பாற்ற ஏதாவது ஒரு நிரலைக் கெர்னல் வலுக்கட்டாயமாக நிறுத்திவிடும். அது அக்காவின் கட்டுரையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, மின்பொத்தான். உங்கள் வேலை முடிந்ததும் கணினியை அணைத்தால், அக்காவின் மேசையும் சேர்ந்தே கவிழும். அதனால்தான், வேறொருவர் அமர்வில் இருக்கும்போது அணைக்க முயன்றால், பெரும்பாலான லினக்ஸ் கணினிகள் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கின்றன. எரிச்சலூட்டும் கேள்விபோல் தெரியும். உண்மையில் அது, 'இன்னொருவரின் வேலை உள்ளே இருக்கிறது' என்ற எச்சரிக்கை. மின்பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து அணைத்தாலோ, மின்சாரம் போனாலோ, அந்த எச்சரிக்கைக்கும் வாய்ப்பில்லை.

இன்னொரு கேள்வியும் உங்களுக்கு வரலாம். ஒரே பெயரில் இரண்டு மேசை போட முடியுமா? லினக்ஸில் வழி உண்டு, ஆனால் சிக்கல் வரும். இரண்டு மேசைகளும் ஒரே கோப்புகளை ஒரே நேரத்தில் மாற்ற முயலும். இதைத் தவிர்க்கவே ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, தன் பயனர் விவரக் கோப்புறைக்கு ஒரு பூட்டுப் போட்டுக்கொள்கிறது. அதே கோப்புறையை இன்னொரு மேசையிலிருந்து திறக்கப் போனால், 'ஏற்கெனவே இயங்குகிறது' என்று சொல்லி மறுத்துவிடும். ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

பெற்றோரின் அனுமதியோடு, கணினியின் அமைப்புகளில் 'பயனர்கள்' பகுதிக்குச் சென்று உங்களுக்கென ஒரு கணக்கைத் தொடங்குங்கள். கணக்கு ஒன்றே இருந்தால், 'பயனரை மாற்று' என்ற தேர்வு பட்டியலில் தோன்றாமலும் போகலாம். இருவரும் நுழைந்த பிறகு, முனைய நிரலைத் திறந்து, ஆங்கிலத்தில் 'யார்' என்று பொருள்படும் மூன்றெழுத்துச் சொல்லைச் சிறிய எழுத்துகளில் தட்டி, என்டர் விசையை அழுத்துங்கள். பொதுவாக, அப்போது உள்ளே இருப்பவர்களின் பெயர்களும் அவர்கள் நுழைந்த நேரமும் வரிசையாக வரும்.

அடுத்த முறை அக்காவிடம் நாற்காலி கேட்கும்போது, இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "எதையும் மூட வேணாம்க்கா. சேமிச்சிட்டு, பூட்டிட்டு எழுந்தா போதும்."