வைத்தியத் தவறும் நட்டஈட்டு உரிமையும்

ஊரிலே வைத்தியரைக் கடவுளுக்கு அடுத்த இடத்தில் வைத்துப் பழகியவர்கள் நாம். என்ன நோய் என்றுகூடக் கேளாமல் மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள். அப்பணிவு பண்புதான், ஆயினும் பிரித்தானியாவில் அதுவே சில வேளைகளில் எமக்குத் தீங்காக முடிகின்றது.

2009ஆம் ஆண்டு, லண்டனில் இலங்கைத் தமிழ் அகதித் தாய் ஒருவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவருக்கு ஆங்கிலம் மிகக் குறைவு. குழந்தை பால் குடிக்கவில்லை என்ற கவலையை ஊழியர்களுக்குத் தெரிவிக்க முயன்றும் பயனில்லை. பாலூட்டலின் அவசியத்தை அவருக்கு விளங்கும் வகையில் எவரும் எடுத்துரைக்கவுமில்லை. வீடு சென்றபின், இரத்தத்தில் சீனி வீழ்ச்சியுற்ற குழந்தையின் மூளை மீளாத பாதிப்புக்குள்ளானது. விளங்கும்படி சொல்லத் தவறியதே கவனக்குறைவு என 2018இல் உயர் நீதிமன்றம் குழந்தையின் சார்பில் தீர்ப்பளித்தது. மொழி தெரியாமை தாயின் குற்றமாகக் கொள்ளப்படவில்லை என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

சிகிச்சை பலனளிக்காத ஒவ்வொரு வேளையும் கவலையீனம் ஆகிவிடாது. வழக்காளி இரண்டை நிறுவவேண்டும். ஒன்று, பொறுப்புள்ள எந்த வைத்தியர் குழுவும் ஏற்காத முறையில் சிகிச்சை நிகழ்ந்தது என்பது. 1957ஆம் ஆண்டின் போலம் வழக்கிலிருந்து வரும் அளவுகோல் இது. அக்குழுவின் கருத்தும் தர்க்கத்துக்கு ஒத்ததாயிருக்க வேண்டுமென 1997இல் பொலித்தோ வழக்கு சேர்த்தது. மற்றது, அத்தவறினாலேயே தீங்கு விளைந்தது என்பது. தவறு நடந்திருந்தும், நோயின் போக்கிலேயே அத்தீங்கு வந்திருக்கும் என்று கண்டால் வழக்கு நில்லாது. பல வழக்குகள் தோற்பது இவ்விடத்திலேதான். சிகிச்சையின் முக்கிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் நோயாளிக்குச் சொல்லவேண்டும் என்பதை 2015இல் மொன்ற்கொமறி வழக்கு உறுதிசெய்தது.

காலவரையறையே எம்மவர் பலரை ஏமாற்றுவது. 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி, தீங்கு நேர்ந்த நாளிலிருந்தோ, அது தவறினால் வந்திருக்கலாம் என அறிந்த நாளிலிருந்தோ 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரவேண்டும். குழந்தைக்கு அக்காலம் 18ஆவது பிறந்தநாளில் தொடங்கி 21இல் முடியும். வைத்தியசாலைக்கு முறைப்பாடு எழுதுவதும் நல்லதே. அதை வழமையாக 12 மாதங்களுக்குள் செய்யவேண்டும். ஆனால் பதிலுக்காகக் காத்திருக்கும்போது வழக்கின் காலம் நின்றுவிடாது.

செய்யவேண்டியவை சில. நிகழ்ந்தவற்றைத் திகதியும் நேரமும் இட்டு உடனே எழுதிவையுங்கள். தமிழில் எழுதினாலும் போதும். வைத்தியப் பதிவேடுகளின் பிரதிகளைக் கேளுங்கள். பொதுவாகக் கட்டணம் இல்லை. பின்னர் வைத்தியக் கவலையீன வழக்குகளில் தேர்ச்சிபெற்ற சட்டத்தரணியை நாடுங்கள். எல்லா வழக்கையும் எடுக்கும் ஒருவர் இதற்குப் போதார்.

2013இன் பின் அரச சட்ட உதவி, பிறப்பை ஒட்டி மூளையோ நரம்பு மண்டலமோ கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே பெரும்பாலும் கிடைக்கின்றது. ஏனையோர் 'வென்றாலே கட்டணம்' என்னும் ஒப்பந்தத்திலேயே செல்கின்றனர். வென்றால் நட்டஈட்டிலிருந்து எவ்வளவு கழிப்பார்கள், தோற்றால் என்ன செலவு வரும் என்பவற்றைக் கையொப்பமிடுமுன் கேட்டறியுங்கள். இங்கு கூறியவை இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்துக்குரியவை. ஸ்கொட்லாந்தில் நடைமுறை வேறு.

எல்லாவற்றுக்கும் முன்னே ஒன்று: மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். பத்து வயதுப் பிள்ளையைத் தாயின் நோய்க்கு மொழிபெயர்ப்பாளனாக அழைத்துச் செல்லாதீர்கள். விளங்காமல் தலையாட்டாதீர்கள். வகுப்பறையில் பல்லாண்டுகள் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'விளங்கவில்லை' என்று எழுந்து சொல்லும் மாணவனை எந்த நல்ல ஆசிரியரும் கடிந்துகொண்டதில்லை. நல்ல வைத்தியரும் அவ்வாறே.