பூனை இல்லத்திற் புகும் கொள்ளைநோய்

மழை ஓய்ந்த காலைவேளையில் செகந்திராபாத்தின் தெருக்களில் நடந்து செல்வோர், கடைப் படிக்கட்டின் கீழிருந்தோ வண்டியின் அடியிலிருந்தோ பூனைக்குட்டி ஒன்றின் ஈனக்குரலைக் கேட்டிருப்பார்கள். கேட்டும் கேளாதவர்போற் செல்பவர் பலர். சிலர் குனிந்து அதனை எடுத்துத் துணியிற் சுற்றி, ஆதரவற்ற பிராணிகளைப் பேணும் இல்லத்திற் கொண்டு சேர்க்கின்றனர். சென்னையில் 1959ஆம் ஆண்டு காப்டன் சுந்தரம் தோற்றுவித்த புளூ கிராஸ் சங்கத்தையும், ஹைதராபாத்தில் 1992ஆம் ஆண்டு அமைந்த அதே பெயருடைய சங்கத்தையும் நேயர்களிற் பலர் அறிவார்கள். அத்தகைய இல்லம் ஒன்றிற் குட்டி சேர்ந்துவிட்டால், இனி அதற்கு அச்சமில்லை என்று நாம் நிம்மதி அடைகிறோம். ஆனால் பல தெருக்களிலிருந்து வந்த குட்டிகள் ஒரு கூரையின் கீழ்க் கூடும்பொழுது, தெருவில் இல்லாத வேறோர் அபாயமும் உடன் வந்து கூடுகிறது. அதுவே தொற்றுநோய்.

நோய் எவ்வழியே புகுகின்றது என்பதை அறிய, இந்நகரில் நிகழ்ந்த ஒரு செய்தியை முதலில் நினைவுகூர்வோம். மீர் ஆலம் ஏரியின் அருகே, 1963ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் நேரு மிருகக்காட்சிசாலை உள்ளது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அங்குள்ள சிங்கங்கள் சிலவற்றுக்கு மூக்கு ஒழுகிற்று, இருமல் கண்டது, உணவில் நாட்டம் குறைந்தது. அவற்றினிடமிருந்து எடுத்த மாதிரிகளை, இந்நகரிலுள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் சோதித்தனர். எட்டுச் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்று உண்டென்று மே மாதம் 4ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. அவை தனியே வைக்கப்பட்டுச் சிகிச்சை பெற்றுத் தேறின. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் சென்னை வண்டலூரிலோ, அதே தொற்றுக்கு ஆளான சிங்கங்களுள் இரண்டு மாண்டன.

சிங்கம் கடைவீதிக்குச் சென்று நோயை வாங்கி வருவதில்லை. மனிதரிடமிருந்தே அது சென்றிருக்க வேண்டும் என்று நிபுணர்கள் கருதினர். அடைபட்ட பிராணிக்கு உணவு எவ்வழியே வருகின்றதோ, நோயும் அவ்வழியே வரக்கூடும் என்பது இதனால் நாம் பெறும் பாடம். சிங்கத்தின் சிறிய உறவான பூனைக்கும் இப்பாடம் பொருந்தும். ஆயின் பூனைக்குட்டிகள் கூடிய இல்லங்களைச் சூறையாடும் நோய் கொரோனாவினும் கொடியது.

அந்நோய்க்குப் பான்லூக்கோபீனியா என்று பெயர். பெயரின் கிரேக்கப் பகுதிகளைப் பிரித்துத் தமிழாக்கினால், வெள்ளணுக்கள் யாவும் குன்றுதல் என்று பொருள்படும். இதனை உண்டாக்குவது பார்வோ எனப்படும் இனத்தைச் சேர்ந்த மிக நுண்ணிய வைரஸ் கிருமி. உடலில் எங்கெங்கே உயிரணுக்கள் விரைந்து பெருகுகின்றனவோ, அங்கெல்லாம் இது சென்று தாக்கும். குடலின் உட்சுவர் அழிவதால் வாந்தியும் கழிச்சலும் தோன்றுகின்றன. எலும்பு மச்சை நலிவதால், நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் குறைந்துபோகின்றன. காலையில் விளையாடிய குட்டி மாலையில் நீர்க்கிண்ணத்தின்மேல் தலையைத் தாழ்த்திக்கொண்டு, அருந்த இயலாமல் அமர்ந்திருக்கும். சிகிச்சையின்றி விடப்பட்ட இளங்குட்டிகளிற் பத்துக்கு ஒன்பது வரையிலும் மாள்வதுண்டு. கிருமியையே கொல்லும் மருந்து இதற்கில்லை. நரம்பின் வழியே நீர் ஏற்றியும், வேறு கிருமிகள் தொற்றாமற் காத்தும், உடல் தானே போராடுவதற்கு அவகாசம் அளிப்பதே வைத்தியர் செய்யக்கூடியது. முதல் ஐந்து நாட்களைக் கடந்த குட்டி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இந்நோய் மனிதரைத் தொற்றுவதில்லை.

மனிதரைத் தொற்றாவிடினும், மனிதரின் கையும் செருப்பும் இதற்கு வாகனங்களாகின்றன. இங்கே ஒரு வேறுபாட்டை நாம் நன்கு உணர வேண்டும். கொரோனாக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பாலான உறை ஒன்று உண்டு. சோப்பும் சாராயச் சத்தும் அவ்வுறையைக் கரைத்துவிடுவதால் அக்கிருமி அழிகின்றது. பார்வோ கிருமிக்கு அத்தகைய உறை இல்லை. ஆகவே சாராயச் சத்துள்ள கைத்திரவம் இதனிடம் பலிப்பதில்லை. தரையின் பிளவிலும் கந்தைத் துணியிலும் ஓராண்டு வரையிலும் இது உயிர்ப்புடன் இருக்கக்கூடும். சோப்பிட்டு ஓடும் நீரில் நெடுநேரம் கழுவினாற் கிருமி கையைவிட்டு நீங்குமேயன்றி மடிவதில்லை. தரையையும் கூண்டையும் முதலில் அழுக்கறக் கழுவி, பின்னர்ச் சலவைக்குப் பயன்படும் குளோரின் திரவம் ஒரு பங்குக்கு 32 பங்கு நீர் சேர்த்துப் பூசி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கு எஞ்சியிருந்தால் குளோரினின் வலிமை அதிலேயே வீணாகிவிடும். நம் வீடுகளில் வழங்கும் பினாயில் பூனைக்கு நஞ்சு. அதனை அறவே விலக்குதல் நலம்.

இல்லத்தில் ஒரு குட்டிக்கு இந்நோய் கண்டுவிட்டதெனக் கொள்வோம். அன்று முதல் வேலையின் வரிசையே மாற வேண்டும். தடுப்பூசி பெற்ற நலமான பூனைகளுக்கு முதலிலும், நோயுற்றவற்றோடு பழகியவற்றுக்கு அடுத்தும், நோயுற்றவற்றுக்கு இறுதியிலும் பணிவிடை செய்தல் வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித் தட்டு, தனித் துணி, தனிச் செருப்பு வேண்டும். பழகியவற்றை 14 நாட்கள் ஒதுக்கி வைத்துக் கவனிக்க வேண்டும். தேறிய குட்டியும் ஆறு வாரம் வரையிலும் கிருமியை வெளியிடக்கூடும் என்பதால், அதனை உடனே பிறவற்றோடு விடலாகாது. 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவிய நாய்ப் பார்வோ இதற்கு நெருங்கிய உறவு. அதன் பிற்கால வகைகள் பூனையையும் தொற்றுகின்றன. ஆதலின் நாயும் பூனையும் சேர்ந்து வாழும் இல்லங்களில் இரட்டை எச்சரிக்கை தேவை.

இவை அனைத்தினும் கடினமானது ஒன்றுண்டு. அதுதான் கதவை அடைப்பது. இல்லத்தில் நோய் நிலவும்பொழுது வாயிலில் ஒருவர் நனைந்த குட்டியோடு வந்து நிற்பார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆயினும் உள்ளே ஏற்றுக்கொண்டால் அக்குட்டியை மரணத்தின் மடியில் இட்டதாகும். அதற்கு அன்று வேறோர் இடம் தேடித் தருவதே கருணை. வந்தவர் இதனை உணராமற் சினந்து செல்லவும் கூடும். அச்சினத்தைப் பொறுத்துக்கொள்வதும் தொண்டின் ஒரு பகுதியே.

நோய் வந்தபின் படும் பாட்டை வருமுன் தவிர்க்க வழியுண்டு. இதற்கான தடுப்பூசி மிக நற்பயன் தருவது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போடுவது வழக்கம். அபாயம் மிகுந்த இல்லங்களில் நான்கு வாரத்திலேயே தொடங்குவதும் உண்டு. ஒரே ஊசியோடு நிறுத்துவதாற் பயனில்லை. தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும் வரையில் அது தடுப்பூசியின் வேலையைத் தடுத்துவிடும். அச்சக்தி எந்த வாரத்தில் மறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவே மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறையாகப் பதினாறு வாரம் வரையிலேனும் ஊசியைத் திரும்பப் போட வேண்டும். சினைப்பூனைக்கு வைத்தியரைக் கேளாமற் போடலாகாது.

தெருக்குட்டியை எடுத்து வளர்க்க விரும்பும் நேயர்கள், வீட்டில் வேறு பூனை இருப்பின் இரண்டு வாரமேனும் இரண்டையும் தனித்தனி அறையில் வைப்பது நன்று. வீட்டில் இந்நோயால் ஒரு பூனை இறந்திருந்தால், ஊசி முழுமை பெறாத குட்டியை ஓராண்டு வரை கொண்டுவரலாகாது. இல்லத்திற்கு உதவ விரும்புவோர், குட்டிகளைத் தொட்டுக் கொஞ்சுவதைக் காட்டிலும் சில ஊசிகளின் விலையை அளிப்பது மேலான உதவியாகும். இரக்கத்தோடு எடுத்த உயிரை ஒழுங்கோடு பேணினால்தான் அது நிலைக்கும்.