பிஸ்ட்ரோவுக்குப் போகிறீர்களா? கேட்டுச் சாப்பிடுங்கள்!

அடையாறுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1746-ம் வருஷம் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுப் படை, அதே வருஷம் அடையாற்றங்கரையில் ஆற்காடு நவாபின் பெரிய சேனையையும் விரட்டி அடித்தது. ஆனால் 1749-லேயே பட்டணத்தை ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது அவர்களுடைய சமையல் வந்து இடம் பிடித்திருக்கிறது! க்ரெப், கீஷ், குவாசான் என்று நம் பெண்களும் பிள்ளைகளும் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

பிஸ்ட்ரோ என்றதும் நட்சத்திர ஹோட்டல் என்று பயந்துவிடாதீர்கள். பாரிஸில் தெருமுனைகளில் இருக்கும் சின்னச் சாப்பாட்டுக் கடைதான் அது. நம் ஊர் மெஸ் மாதிரி. அன்றைய சமையலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். 1814-ல் பாரிஸில் நுழைந்த ரஷ்யச் சிப்பாய்கள் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று தங்கள் பாஷையில் அதட்டியதிலிருந்து இந்தப் பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. ஆனால், அந்த வார்த்தை அச்சில் வருவதே 1880-களில்தான் என்பதால் மொழி அறிஞர்கள் இதை ஏற்பதில்லை.

சமீபத்தில் அடையாறில் அப்படி ஒரு சின்ன இடத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். 72 வயது மாமியார், சுத்த சைவம். மகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. கூடவே அவளுடைய நாலு வயது வாண்டு. மூன்று பேருக்கும் மூன்று விதமான கவலை எனக்கு!

"வெங்காய சூப்னு போட்டிருக்கே, எனக்கு அதுவே போறும்" என்றார் மாமியார்.

"ப்யூர் வெஜ்தான் மேடம்" என்றார் பரிமாறும் பையன்.

"அப்படியே இருக்கட்டும் தம்பி. எந்தத் தண்ணியில கொதிக்க வெச்சதுன்னு மட்டும் உள்ளே கேட்டுட்டு வாங்களேன்" என்றேன்.

போனவர் சுண்டிய முகத்தோடு திரும்பினார். "சிக்கன் ஸ்டாக்காம் மேடம்..."

மாமியார் பதறவில்லை. "நல்லவேளை, கேட்டே! ரெண்டு துண்டு ரொட்டியும் வெண்ணெயும் கொண்டு வரச் சொல்லு" என்றார். அந்தப் பையன் பேரிலும் தப்பில்லை. வெங்காயமும் சீஸும்தானே கண்ணுக்குத் தெரிகிறது? பிரெஞ்சு சமையலில் சூப்புக்கும் குழம்புக்கும் அடித்தளமே எலும்பு வேகவைத்த சாறுதான். வெங்காய சூப்பை அவர்கள் ஊரில் மாட்டெலும்புச் சாறில்தான் வழக்கமாகச் செய்வார்கள்.

சைவர்கள் கேட்க வேண்டியவை

கீஷ் என்பது முட்டையும் க்ரீமும் சேர்ந்தது. க்ரெப் மாவிலும் முட்டை உண்டு. க்ரெம் ப்ரூலேயில் மஞ்சள் கரு. சில கேக்குகளையும் மூஸையும் உறைய வைக்க ஜெலட்டின் போடுவார்கள். அது பிராணிகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. வெளிநாட்டு சீஸ் சிலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்த்திருக்கும். ஆகவே 'இது வெஜ்ஜா?' என்று பொதுவாகக் கேட்காமல், 'முட்டை உண்டா? ஸ்டாக் எதில்? ஜெலட்டின் உண்டா? சீஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி உண்டா?' என்று தனித்தனியாகக் கேளுங்கள். நீண்ட பிரெஞ்சு ரொட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். பாரம்பரிய முறையில் மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டுமே.

கர்ப்பிணிகள் கவனத்துக்கு

மகள் ஆசையாகக் கேட்டது ப்ரீ சீஸ் போட்ட ஸாலட். நான் கூடாதென்று சொல்லிவிட்டேன். ப்ரீ, கமம்பேர் போன்ற மென்மையான சீஸ்களில் லிஸ்டீரியா என்ற கிருமி வளர வாய்ப்பு அதிகம். பச்சைப் பாலில் செய்ததென்றால் ஆபத்து இன்னும் கூடும். தாய்க்கு லேசான ஜுரம் மாதிரி வந்து போய்விடும். ஆனால் கருச்சிதைவுக்கோ, சிசுவுக்குக் கடுமையான நோய்க்கோ காரணமாகலாம். ஃப்ரிட்ஜின் குளிரிலும் வளரும் கிருமி இது! ஆவி பறக்கச் சூடாக்கிய சீஸில் பயமில்லை. சாக்லேட் மூஸில் பச்சை முட்டை இருக்கலாம். அதையும் தவிர்ப்பது நல்லது. ஒயின் ஊற்றிச் சமைத்த குழம்பும் வேண்டாம். கொதித்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்பது சரியல்ல.

குழந்தை விஷயத்தில் ஒரு பாடம்

பிரான்சில் வீடுகளில் குழந்தைகளுக்கென்று தனிச் சமையல் பெரிதாகக் கிடையாது. பெரியவர்கள் சாப்பிடுவதையே கொஞ்சமாகக் கொடுப்பார்கள். சாயங்காலம் நாலு மணி வாக்கில் ஒரு டிபன். அதற்குப் பிறகு ராத்திரிச் சாப்பாடு வரை கொறிப்பது இல்லை. 2005 முதல் பள்ளிக்கூடங்களில் தின்பண்ட இயந்திரங்களுக்கே தடை! சேர்ந்து உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடும் அவர்களுடைய விருந்து முறையை 2010-ல் யுனெஸ்கோ கௌரவித்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கத் துரத்தும் நாம் யோசிக்க வேண்டியதுதான்.

பில்லையும் ஒருமுறை பாருங்கள். ஸர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொன்னது. 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட்டும் அதை ஆதரித்தது. எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

வீட்டிலேயே ராத்ததுயீ

தென் பிரான்சின் இந்தக் காய்கறிக் கூட்டைச் சாப்பிட்டுவிட்டு, "நம்ம கத்தரிக்காய் கொத்சுக்குத் தங்கை மாதிரி இருக்கே!" என்றார் மாமியார். முழுக்க சைவம், கர்ப்பிணிகளுக்கும் நல்லது.

கத்தரிக்காய் கால் கிலோ, தக்காளி கால் கிலோ, வெங்காயம் 2, குடைமிளகாய் 2, பூண்டு 4 பல். அவர்கள் போடும் ஸுக்கினிக்குப் பதில் இளசான பீர்க்கங்காய் ஒன்று. மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெயில் கத்தரிக்காயைத் தனியாக வதக்கி எடுத்து வையுங்கள். பிறகு வெங்காயம், பூண்டு, குடைமிளகாயை வதக்கித் தக்காளி சேருங்கள். அது குழைந்ததும் பீர்க்கங்காயும் கத்தரிக்காயும் போட்டு, உப்பு, மிளகுத்தூளோடு மூடி, சின்னத் தீயில் அரை மணி வையுங்கள். தண்ணீர் வேண்டாம், காய் விடும் நீரே போதும். பேசில் இலைக்கு எங்கே போவது என்கிறீர்களா? நம் திருநீற்றுப்பச்சிலைதான் அது! இறக்கும்போது நாலு இலை கிள்ளிப் போடுங்கள். சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளப் பிரமாதம்; மறுநாள் இன்னும் ருசி.