தற்பிரியர் யார்?

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் திருமுகம் கடைசி நாட்களின் மாந்தரைப் பட்டியலிடும்போது (3:2-4), முதற்கண் நிறுத்துவது 'தற்பிரியர்' என்பாரை. பிரசங்க பீடத்தில் நாம் அடிக்கடி எடுத்தாளும் இச்சொல்லின் பொருளை ஆராய்வது தகும்.

'தன்', 'பிரியர்' என்னும் இரு சொற்கள் புணர, னகரம் றகரமாகத் திரிந்து 'தற்பிரியர்' ஆயிற்று. மூலத்திலுள்ள 'பிலவுதோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும் இவ்வாறே அன்பையும் தன்னையும் குறிக்கும் இரு கூறுகளால் ஆயது. புதிய ஏற்பாட்டில் அது இங்கு மட்டுமே வருகிறது. அதனை அடுத்து நிற்பவர் பணப்பிரியர். பட்டியலின் முடிவில் வருபவர் தேவப்பிரியராயிராத சுகபோகப்பிரியர். கிரேக்கத்தின் இவ்வமைப்பை நம் பழைய மொழிபெயர்ப்பும் காத்துள்ளது. ஆகவே இங்கு எழும் வினா, மனிதனின் அன்பு எத்திசையில் செல்கிறது என்பதே.

தன்னை நேசிப்பதே பாவமோ? அன்று. 'உன்னைப்போல்' பிறனை நேசி என்னும் கட்டளை (லேவி. 19:18) தன்மேலுள்ள அன்பை அளவுகோலாகவே கொள்கிறது. பணத்திலும் புகழிலும் உடலின்பத்திலும் மிகுதியான பங்கைத் தனக்கென ஒதுக்குபவனையே மக்கள் இச்சொல்லால் இகழ்வர் என அரிஸ்டாட்டிலும் விளக்கினார்.

காவிரிப் பாசன நாட்டார்க்கு இது எளிதில் விளங்கும். இங்குப் பல இடங்களில் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்கிறது. மேல்வயல் நனைவது குற்றமன்று. நனையாவிடில் நாற்று வேர் பிடிக்காது. தன் வயல் நிறைந்த பின்னும் மடையை அடைத்து, கடைமடையைக் காயவிடுபவனே தற்பிரியன்.

தஞ்சை மண் இவ்வேறுபாட்டை மறக்கலாகாது. 1968 டிசம்பர் 25 இரவு, கிறிஸ்து பிறப்பைத் திருச்சபை கொண்டாடிய அந்நாளிலேயே, கீழ்வெண்மணியில் தலித் உழவுத் தொழிலாளர் குடும்பத்தார் 44 பேர் குடிசையொன்றில் எரிக்கப்பட்டு மாண்டனர்; பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அத்தொழிலாளர் கேட்டது கூலி உயர்வு. உழைப்புக்குரிய பங்கைக் கேட்டவர் தற்பிரியரா, அதை மறுத்தவர் தற்பிரியரா?

உரிமை கேட்பாரைத் 'தன்னலக்காரர்' எனக் கடிந்து, உள்ளவர் செய்யும் சிறு ஈகையைத் தியாகமெனப் போற்றும் பிரசங்கம் திருமறைச் சொல்லைத் தலைகீழாக்குகிறது. எனவே கடைமடையில் நிற்பவரை இச்சொல்லால் கண்டிக்குமுன், மடை யார் கையில் இருக்கிறது என்று கேட்போமாக. அக்கை நம்முடையதாயின், முதலில் நாமே அதைத் திறப்போமாக.