வேரைத் தேடி நீந்தும் உயிர்கள்

"அசோஸ்பைரில்லம் போட்டேன், ஒண்ணும் தெரியலையே" என்று சொல்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: போடும்போது மண்ணில் ஈரம் இருந்ததா?

அசோஸ்பைரில்லம் நீந்துகிற உயிர். உடம்பின் ஒரு முனையில் சாட்டை மாதிரி வால் உண்டு. அதைச் சுழற்றித்தான் நகரும். வேர் கசியவிடும் கரிம அமிலங்களைத் தடம் பிடித்து வேருக்குப் போய்ச் சேரும்.

இப்படி நீந்தும் பாக்டீரியாக்களில் அதிகம் ஆராயப்பட்டது ஈ.கோலை. திறந்த தண்ணீரில் அது ஒரு நொடிக்கு 20–30 மைக்ரான் போகும். ஒரே திசையில் போனால் மணிக்கு 9 சென்டிமீட்டர் வரும். ஆனால் நொடிக்கொரு குட்டிக்கரணம் போட்டுத் திசை மாறும்.

மண்ணுக்குள் கதையே வேறு. 2019-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் தபோமய் பட்டாச்சார்ஜியும் சுஜித் தத்தாவும், உள்ளே நடப்பது தெரிகிற மாதிரி கூழ்மணிகளை நெருக்கி அடைத்து, அந்த இடுக்குகளில் ஈ.கோலையை விட்டுப் பார்த்தார்கள். அது ஓடவில்லை. இடுக்கில் சிக்கி, உடம்பைத் திருப்பித் திருப்பி வழி தேடி, கிடைத்ததும் அடுத்த இடுக்குக்குத் தாவியது. அங்கே மறுபடி சிக்கியது. சுசீந்திரம் தேரோட்டத்துக் கூட்டத்தில் மாட்டினவர் நகருகிற மாதிரிதான்.

அந்த இடுக்குகளில் தண்ணீர் நிறைந்திருந்தது. மண் காய்ந்தால் மணலைச் சுற்றி நிற்கும் நீர்ப்படலம் பாக்டீரியாவின் உடம்பைவிட மெலிந்துபோகும். அப்புறம் நீச்சல் ஏது? போட்ட இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

கொட்டாரம் பக்கத்துக் கடைமடை ஏலாக்களில் கன்னிப்பூவுக்குப் பொடிவிதை விதைக்கிறவங்க இதைக் கவனிக்கணும். காய்ந்த புழுதியில் தூவிவிட்டு மழையை எதிர்பார்ப்பதைவிட, விதையிலேயே கலந்து விதைப்பது நல்லது. முளைக்கிற வேர் பக்கத்திலேயே இருக்கும். தூரம் நீந்த வேண்டாம். கும்பப்பூ நடவுக்கு நாற்றின் வேரைக் கரைசலில் கால் மணி முதல் அரை மணி நேரம் நனைத்துத் தொளியில் நடலாம். வாழைக்கும் தென்னைக்கும் மட்கிய தொழுவுரத்தோடு கலந்து, தண்ணீர் பாய்ச்சின ஈரத்தில், சாயங்காலம் போட்டு மூடாக்கு இடுங்க. மண்புழு போட்ட துளையும் பழைய வேர் மட்கின துளையும் இவற்றுக்கு நல்ல பாதை. அடிக்கடி ஆழ உழுதால் அதுவும் போச்சு.

ஈரம் வேண்டும் என்று தண்ணீரைக் கட்டி நிறுத்தவும் கூடாது. மிளகில் வேரழுகல் கொண்டுவரும் பைட்டோப்தோராவின் வித்துக்களுக்கும் இரண்டு வால் உண்டு. மழைக்காலத்தில் அவையும் நீந்தித்தான் வேருக்கு வரும். கொடி மூட்டில் தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுத்துவிடுங்க.